கலிவர் சொன்னதை மட்டும் நம்பி வரைந்த வரைபடம்

லில்லிபுட் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கற்பனைத் தீவுதானே, எங்கே இருந்தால் என்ன என்பார்கள். ஜோனதன் ஸ்விஃப்ட் அப்படி விட்டுவிடவில்லை. 1726-ல் லண்டனில் வெளிவந்த 'கலிவரின் பயணங்கள்' நூலில் காற்று அடித்த திசை, படகு ஓடிய லீக் கணக்கு, கடலின் ஆழம், மதிலின் நீளம் என்று எதற்கும் ஒரு எண் இருக்கிறது. நூலோடு வரைபடங்களும் அச்சாகி வந்தன. அந்தக் காலத்தில் பேர்பெற்ற நிலப்படக்காரரான ஹெர்மன் மோல்லின் உலகப் படத்தை ஒட்டி வரையப்பட்டவை அவை. ஆனால் படத்தையும் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் ஒட்டவில்லை. படம் லில்லிபுட்டைச் சுமத்ராவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் வைக்கிறது. கதையிலுள்ள குறிப்புகளோ வேறொரு கடலுக்கு இழுக்கின்றன. அதனால் அச்சுப் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, கதையைச் சொல்லும் மாலுமி கலிவர் தன் வாயால் சொன்னதை மட்டும் கொண்டு நானே வரைய உட்கார்ந்தேன்.

எடுத்துக்கொண்டவை எளிய சாமான்கள்தான்: ஏ3 அளவு கிராஃப் தாள், ட்ரேஸிங் பேப்பர், பாகைமானி, காம்பஸ், கால்குலேட்டர், பெரிய உலக உருண்டை ஒன்று, கத்தை கத்தையாகத் துண்டுச் சீட்டு. நூலைப் படிக்கப் படிக்க, இடம் சம்பந்தமான ஒவ்வொரு தகவலையும் ஒரு சீட்டில் எழுதினேன். ஒரு சீட்டுக்கு ஒரு தகவல்தான். இரண்டைச் சேர்த்து எழுதிவிட்டால் பிறகு ஒன்றை மட்டும் கழற்றிப் பார்க்க முடியாது.

சீட்டுகளை வகை பிரித்ததில்தான் வேலையின் உயிரே இருக்கிறது. எல்லாத் தகவலுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. கலிவர் தன் உடம்பால் அளந்தது முதல் வரிசை: இவ்வளவு தூரம் நடந்தேன், இத்தனை கெஜம் நீந்தினேன், தண்ணீர் கழுத்துவரை வந்தது. இத்தனை நாள், இத்தனை மணி நேரம் என்ற பயணக் கணக்கு இரண்டாவது. சூரியனைப் பார்த்துக் கணித்த அட்சக்கோடு மூன்றாவது. திசைகளை நாலாவதாக வைத்தேன். 'வடமேற்கு' என்பது 'வடகிழக்கு' ஆவதற்கு ஒரு சொல் மாறினால் போதும். அந்தப் பிழையைப் பிடிக்கப் பக்கத்தில் வேறு எண்ணும் இருக்காது. கடைசி வரிசை தீர்க்கக்கோடு. கடலில் தீர்க்கக்கோட்டைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் வழிக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பரிசு அறிவித்ததே 1714-ல்தான். அந்த வழி கிடைக்கும்வரை மாலுமிகள் வேகத்தையும் நேரத்தையும் பெருக்கி உத்தேசமாகத்தான் போட்டார்கள். ஸ்விஃப்ட் அந்தக் காலத்து ஆள், அவர் படைத்த மாலுமியும் அந்தக் காலத்து மாலுமி.

லில்லிபுட்

முதல் தாளுக்கு 1 மைலுக்கு 5 சென்டிமீட்டர் என்று அளவு வைத்தேன். பேரரசரின் ஆட்சிப்பரப்பின் சுற்றளவு சுமார் 12 மைல் என்கிறது கதை. வட்டமாக எடுத்துக்கொண்டால் குறுக்களவு 3.8 மைல், தாளில் 19 சென்டிமீட்டர். சுற்றளவு மாறாமல் கரை வளைந்து நெளிந்தால் பரப்பு குறையும், கூடாது. ஆக இந்த வட்டம் தீவின் மேல் எல்லை. அதை மெல்லிய பென்சிலில் போட்டுக்கொண்டு உள்ளே வேலையைத் தொடங்கினேன்.

கலிவர் எந்தக் கரையில் ஏறினார்? கப்பல் பாறையில் மோதியபின் ஆறு பேர் படகில் ஏறி மூன்று லீக் தூரம் துடுப்புப் போடுகிறார்கள். ஒரு லீக் 3 மைல். பிறகு வடக்கிலிருந்து வீசிய திடீர்க் காற்று படகைக் கவிழ்க்கிறது. காற்றும் ஓதமும் (கடலின் ஏற்றவற்றம்) தள்ளியபடி கலிவர் நீந்துகிறார். வடக்கிலிருந்து தள்ளினால் தெற்கே போவார். ஆகவே தீவின் வடகரையில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் வடகிழக்கில் பிளெஃபஸ்கு தீவு மறித்துக்கொண்டு இருக்கிறது. அதில் முட்டாமல் வர வேண்டுமென்றால் வடமேற்குப் பக்கமாகத்தான் வந்திருக்க முடியும். கால் தரையில் பட்ட பிறகும் கரை சேர ஏறத்தாழ ஒரு மைல் தண்ணீரில் நடந்ததாகச் சொல்கிறார். அப்படியானால் அந்தக் கரையோரம் முழுக்க ஆழமில்லாத கடல். தாளில் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு அந்தப் பட்டையை வெளிர்நீலத்தில் தீட்டினேன்.

கரையேறி அரை மைல் உள்ளே நடந்து படுக்கிறார். அங்கிருந்து தலைநகர் மில்டெண்டோ அரை மைல். 1,500 குதிரைகள் இழுத்தும் அந்த அரை மைலைக் கடக்க மறுநாள் நண்பகல் ஆகிவிடுகிறது. லில்லிபுட் மக்கள் நம்மில் பன்னிரண்டில் ஒரு பங்கு உயரமுள்ள குட்டி மனிதர்கள். அவர்கள் கணக்கில் 12 மடங்கு, அதாவது நமக்கு 6 மைல் போல. அவ்வளவு பெரிய பாரத்தை வைத்துக்கொண்டு, இரவில் தங்கிப் போனதற்கு இது பொருந்தி வருகிறது.

தலைநகர் எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடித்த இடம்தான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. வண்டி நகர வாசலுக்கு 200 கெஜம் இப்பால் நிற்கிறது. அங்கே ஒரு பழைய கோயில், கலிவருக்கு அதுதான் வீடு. கோயிலின் பெரிய வாசல் வடக்கே பார்த்தது என்று ஓரிடத்தில் வருகிறது. எதிரே, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் 20 அடி தள்ளி ஒரு கோபுரம் என்று இன்னோரிடத்தில் வருகிறது. அடுத்த அத்தியாயத்தில் எழுந்து நின்று சுற்றிலும் பார்க்கும்போது, நகரம் தன் இடது கைப்பக்கம் தெரிந்தது என்கிறார். வாசலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் வடக்கே, இடது கை மேற்கே. ஆக நகரம் கோயிலுக்கு மேற்கில். வாசலுக்கும் கோபுரத்துக்கும் நடுவே போகும் சாலை கிழக்கு மேற்காக ஓட வேண்டும், நகர வாசலில் போய் முடிய வேண்டும். வண்டி கிழக்கிலிருந்து வந்து நகரத்துக்கு முன்னால் நின்றிருக்கிறது. படுத்திருந்த இடம் நகரத்துக்குக் கிழக்கே அரை மைல். மூன்று தனித்தனிச் சீட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தபோது, கதையில் எங்குமே சொல்லாத ஒரு சாலை தானாகத் தாளில் விழுந்தது. சாலை வழியில் வளைந்திருக்கலாம் என்பதால் அதைப் புள்ளிக்கோடாக விட்டிருக்கிறேன்.

மில்டெண்டோவைத் தனித்தாளில் 20 அடிக்கு 1 சென்டிமீட்டர் என்று வரைந்தேன். பக்கத்துக்கு 500 அடி உள்ள சதுரம், குறுக்கும் நெடுக்குமாக 5 அடி அகலத்தில் இரண்டு பெருவீதிகள், அவை சந்திக்கும் நடுவில் அரண்மனை. 5 லட்சம் பேர் வாழலாம் என்கிறார். நம் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால், வீதியும் அரண்மனையும் சேர்த்து ஆளுக்கு 72 சதுர அடி. வீடுகள் மூன்று முதல் ஐந்து மாடி என்பதால் நெரித்துப் பிடித்தால் கொள்ளும்.

நீரிணையின் குறுக்குவெட்டு

லில்லிபுட்டுக்கும் பிளெஃபஸ்குவுக்கும் நடுவே 800 கெஜம் அகலக் கால்வாய். எதிரியின் ஐம்பது போர்க்கப்பல்களைக் கலிவர் இழுத்து வருவது இங்கேதான். இந்தக் காட்சியை எல்லோரும் சாகசமாகப் படிப்பார்கள். எனக்கு இது கடலாழம் அளந்த குறிப்பேடு.

ஓதம் உச்சத்தில் இருக்கையில் நடுவில் ஆழம் 70 கிளம்கிளஃப் (லில்லிபுட் மக்களின் அளவு), அது சுமார் 6 அடி. மற்ற இடங்களில் அதிகபட்சம் 50 கிளம்கிளஃப். அப்படியானால் 50 என்பது 4 அடி 3 அங்குலம். கலிவர் சுமார் 6 அடி உயரம் என்பது லில்லிபுட் மக்களின் அளவிலிருந்து கிடைக்கிறது. ஓதம் உச்சத்தைத் தொட அரை மணி இருக்கும்போது இறங்குகிறார். நடந்தே போகிறார், நடுவில் மட்டும் 30 கெஜம் நீந்துகிறார், அரை மணிக்குள் கப்பல்களை அடைந்துவிடுகிறார். திரும்பும்போது ஓதம் கொஞ்சம் இறங்கட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருக்கிறார். இப்போது நீந்தவில்லை. வரும் வழியில் மார்பளவுத் தண்ணீர், நடுவில் கழுத்தளவு. கரையில் நிற்கும் அரசருக்கும் பரிவாரத்துக்கும் கப்பல்கள் நகர்வது தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

இதைக் கிடைமட்டத்தில் 40 கெஜத்துக்கு 1 சென்டிமீட்டர், செங்குத்தில் 1 அடிக்கு 1 சென்டிமீட்டர் என்று வரைந்தேன். இரு பக்கமும் சமமான ஆழமில்லாத தரை, நடுவில் முக்கால் சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம். நீர்மட்டத்தைச் சற்றே கீழிறக்கி இரண்டாவது கோடு போட்டு, 6 அடி உயர மனிதனை வெட்டி ஒட்டிய காகிதத்தை அதன்மேல் நகர்த்திப் பார்த்தேன். முதல் கோட்டில் பள்ளத்துக்கு மேலே தலை முங்குகிறது. இரண்டாவதில் கழுத்து வெளியே நிற்கிறது, பள்ளம் தாண்டியதும் மார்பு. ஓதம், ஆழம், உயரம், நேரம் நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இவற்றை எழுதியவர் மனத்தில் அந்தக் கால்வாயின் தரை தெளிவாக இருந்திருக்கிறது. உடம்பால் அளந்த தகவலுக்கு முதல் வரிசை கொடுத்தது சரி என்று இந்த இடத்தில் உறுதியானேன்.

எந்தக் கடல்?

தீவுக்குள் இவ்வளவு துல்லியம். உலக உருண்டையில் வைக்கப் போனால் சிக்கல் தொடங்குகிறது. புயல் கப்பலை வான் டீமன்ஸ் லேண்டுக்கு, அதாவது இன்றைய டாஸ்மேனியாவுக்கு, வடமேற்கே தள்ளியதாம். அட்சக்கோடு 30 பாகை 2 நிமிடம் தெற்கு. தீர்க்கக்கோடு தரப்படவில்லை. டாஸ்மேனியாவிலிருந்து நேர் வடமேற்கே கோடு இழுத்து 30 பாகையில் நிறுத்தினால் அது தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துக்குள் போய் நிற்கிறது. கடலுக்கு வர வேண்டுமானால் 115 பாகை கிழக்குத் தீர்க்கத்தையும் தாண்டி மேற்கே போக வேண்டும். அவ்வளவு தூரத்தை டாஸ்மேனியாவை வைத்து அடையாளம் சொல்ல எந்த மாலுமிக்கும் தோன்றாது.

எதிர்ச் சீட்டுகளை எடுத்து வைத்தேன். கப்பல் தென்கடலிலிருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் வழியில்தான் புயல் பிடிக்கிறது. தென்கடல் என்று அவர்கள் சொன்னது பசிபிக்கின் தென்பாதியை. பிளெஃபஸ்குவிலிருந்து படகில் கிளம்பும்போது கலிவர் போக நினைப்பது வான் டீமன்ஸ் லேண்டுக்கு வடகிழக்கே உள்ள தீவுகளுக்கு. அவரைக் காப்பாற்றும் கப்பல் ஜப்பானிலிருந்து வட, தென் கடல்கள் வழியாக இங்கிலாந்து திரும்புகிறது, தென்கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் அப்படி ஒரு கப்பலுக்கு வேலையே இல்லை. மூன்று சீட்டும் ஒரே பக்கம், பசிபிக் பக்கம், கை காட்டுகின்றன.

அட்சக்கோட்டையும் சோதித்தேன். பிளெஃபஸ்குவிலிருந்து கிளம்பிய முதல் நாள் கலிவர் 4 லீக் வடக்கே போகிறார், 12 மைல். அது சுமார் 12 நிமிடம். மூன்றாம் நாள் கிழக்கே. கப்பலைப் பார்க்கும்போது பிளெஃபஸ்குவிலிருந்து 24 லீக். 30 பாகை 2 நிமிடத்தில் 12 நிமிடம் கழித்தால் 29 பாகை 50 நிமிடம். கப்பலில் ஏறியதும் சொல்லப்படும் அட்சம் 30 பாகை. சரியாக உட்காருகிறது.

ஆகவே 'வடமேற்கு' என்ற ஒரு சொல்லை மட்டும் 'வடகிழக்கு' என்று மாற்றினேன். 30 பாகை தெற்கில், டாஸ்மேனியாவிலிருந்து நேர் வடகிழக்கே போனால் ஏறத்தாழ 162 பாகை கிழக்கு. லார்டு ஹாவ் தீவுக்கும் நார்ஃபோக் தீவுக்கும் இடைப்பட்ட கடல். நூல் வந்தபோது ஐரோப்பியர் இரண்டையும் பார்த்திருக்கவில்லை. நார்ஃபோக்கைக் கேப்டன் குக் கண்டது 1774-ல், லார்டு ஹாவ் தெரிய வந்தது 1788-ல். நார்ஃபோக்கின் பரப்பு சுமார் 35 சதுர கிலோமீட்டர், என் வட்டத்தின் பரப்பு சுமார் 30. தற்செயல்தான். ஆனாலும் லில்லிபுட் அளவில் ஒரு தீவு அந்தக் கடலில் நிஜமாகவே இருப்பதை உருண்டையில் தொட்டுப் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

இடம் கொள்ளாத பிராப்டிங்நாக்

இராட்சதர்களின் நாடு 6,000 மைல் நீளம், 3,000 முதல் 5,000 மைல் அகலம். சராசரி 4,000 என்றால் 2 கோடியே 40 லட்சம் சதுர மைல். ஆசியாக் கண்டமே சுமார் 1 கோடியே 70 லட்சம்தான். ஜப்பானுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் நடுவே வெறும் கடல் என்று ஐரோப்பிய நிலப்படக்காரர்கள் நினைப்பது தவறு, இந்த நாடு அங்கேதான் இருக்கிறது என்று கலிவர் வாதாடுகிறார். அந்த இடைவெளி சுமார் 5,000 மைல்.

6,000 என்பது 600-ன் அச்சுப்பிழையாக இருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. பண்ணைவீட்டிலிருந்து நாட்டின் நடுப்பக்கம் உள்ள தலைநகர் லோர்புருல்குருட் சுமார் 3,000 மைல், நீளத்தில் பாதி. பயணம் பத்து வாரம். நகரும் நாட்களில் நாளொன்றுக்கு 140, 160 மைலுக்கு மேல் போகவில்லை. 150 என்று வைத்தால் ஓட்டத்துக்கு 20 நாள், மீதி 50 நாள் வழியெங்கும் ஊர் ஊராகக் கலிவரைக் காட்டிக் காசு வாங்கியதில் போயிருக்கிறது. எண்கள் தங்களுக்குள் ஒற்றுமையாக இருக்கின்றன. பூமியோடுதான் ஒட்டவில்லை. அவரைக் கடலிலிருந்து மீட்ட கப்பல் 44 பாகை அட்சம், 143 தீர்க்கத்துக்குத் தள்ளப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. வடக்கு, கிழக்கு என்று கொண்டால் அங்கே இருப்பது ஹொக்கைடோ. அவர் இருந்த பெட்டியைக் கழுகு தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டது. தூக்கியது நாட்டின் தென்கரையில். 44 பாகையில் தென்கரை என்றால் அங்கிருந்து வடதுருவம் சுமார் 3,170 மைல். நாட்டின் மிகக் குறுகிய அகலமே துருவத்தை ஏறத்தாழத் தொட்டுவிடும்.

அதனால் இந்த நாட்டுக்கு உருண்டையில் இடம் தரவில்லை. 300 மைலுக்கு 1 சென்டிமீட்டர் என்று தனித்தாளில் வரைந்தேன். வடகிழக்கில் 30 மைல் உயர எரிமலைத் தொடர், மற்ற மூன்று பக்கமும் துறைமுகமே இல்லாத பாறைக்கரை. தலைநகர் 54 மைல் நீளம், 45 மைல் அகலம். அரசர் போடச் சொன்ன படத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் வெறுங்காலோடு நடந்து கலிவர் எடுத்த அளவு இது. படம் 100 அடிக்கு விரிந்ததாம். கணக்குப் போட்டால் அந்தப் படத்தின் அளவுவிகிதம் சுமார் 1-க்கு 2,850. இன்று நகர அளவைக்காரர்கள் தெருத்தெருவாகப் பார்க்கப் பயன்படுத்தும் விகிதத்துக்குப் பக்கத்தில் வருகிறது. வரைபடத்துக்குள் கால்வைத்து நடந்த வரைபடக்காரர்! இந்த வரிக்காகவே இரண்டாம் பாகத்தை மீண்டும் மீண்டும் படிப்பேன்.

லபுடாவும் சுற்றமும்

பறக்கும் தீவின் குறுக்களவு 7,837 கெஜம், பரப்பு பத்தாயிரம் ஏக்கர். வட்டப் பரப்பு போட்டால் 9,966 ஏக்கர் வருகிறது. இடம் மட்டும் பிடிபடவில்லை. கொள்ளையர் கலிவரை விட்ட இடம் 46 பாகை வடக்கு, 183 தீர்க்கம். ஆனால் பறக்கும் தீவுக்குக் கீழே உள்ள நாடான பால்னிபார்பியின் துறைமுகத்துக்கு வடமேற்கே லக்நாக் தீவு, 29 பாகை வடக்கு, 140 தீர்க்கத்தில். லக்நாக்கிலிருந்து ஜப்பான் 100 லீக், 15 நாள் ஓட்டம். துறைமுகத்திலிருந்து லக்நாக் ஒரு மாத ஓட்டம். அதே வேகத்தில் 200 லீக், சுமார் 10 பாகை. தென்கிழக்கே 10 பாகை போனால் 22 பாகை வடக்கு, 148 கிழக்கு, மரியானா தீவுகளுக்குப் பக்கம். 46 எங்கே, 22 எங்கே. நாள் கணக்கையும் ஜப்பானையும் நம்பி, ஜப்பானிலிருந்து சங்கிலிபோலக் கோத்து வரைந்தேன். 46-ஐச் சீட்டோடு தனியே வைத்துவிட்டேன்.

குதிரைகளின் நாடு

நாலாம் பாகத்தில் முதல் பாகத்தின் பிழை கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்ப வருகிறது. ஹூயின்ம் நாட்டிலிருந்து கலிவர் தோணியில் கிழக்கே போய், நியூ ஹாலந்தின், அதாவது ஆஸ்திரேலியாவின், 'தென்கிழக்கு' முனையை அடைகிறார். கிளம்பும்போது தேடிப் போனது தென்மேற்குக் கரையை. மேற்கிலிருந்து வருபவர் இரண்டே நாளில் தொடக்கூடியது தென்மேற்குதான். இரண்டு இடத்திலும் கிழக்கும் மேற்கும் மட்டுமே இடம் மாறியிருக்கின்றன, தெற்கும் வடக்கும் மாறவில்லை. லில்லிபுட்டில் நான் செய்த திருத்தத்துக்கு இதைவிடப் பலமான துணை கிடைக்காது. இங்கே அச்சுப் படமும் என் பக்கம். அது தீவை நியூ ஹாலந்தின் தென்மேற்குப் பகுதிக்குத் தெற்கே வைக்கிறது.

தூரத்துக்கு வருவோம். காலை 9 முதல் மாலை 6 வரை 18 லீக், மணிக்கு 2 லீக்.  மறுநாள் ஏழு மணி நேரம், 14 லீக். மொத்தம் 32 லீக், 96 மைல். 45 பாகை தெற்கு என்று அவர் சொல்வது கணித்தது கிடையாது. மாலுமிகள் பேசிக்கொண்டதைக் கேட்டு அனுமானித்தது. அதனால் அந்தச் சீட்டைக் கடைசி வரிசைக்குத் தள்ளி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையிலுள்ள லூவின் முனையிலிருந்து மேற்கே அளந்தேன்: 34 பாகை தெற்கு, சுமார் 113 பாகை கிழக்கு.

நியூ ஹாலந்தை வரைபடங்கள் அது இருக்க வேண்டிய இடத்துக்குக் குறைந்தது 3 பாகை கிழக்கே தள்ளிப் போடுகின்றன, ஹெர்மன் மோல்லிடம் எடுத்துச் சொல்லியும் அவர் மற்றவர்கள் சொன்னதையே பின்பற்றினார் என்று கலிவர் இந்த இடத்தில் குறைப்படுகிறார். அதனால் தாளின் இந்த மூலையில் மட்டும் இரண்டு கடற்கரைகள் போட்டிருக்கிறேன். நீலக் கோடு இன்றைய அளவைப்படி உள்ள கரை. அதற்கு 3 பாகை மேற்கே சிவப்புக் கோடு, கலிவரின் வாதப்படி. 113 பாகை நீலக் கோட்டிலிருந்து அளந்தது. சிவப்பிலிருந்து அளந்தால் தீவு 110 பாகைக்குப் போகும். இரண்டு இடத்திலும் தீவைப் போட்டு, 110-ல் உள்ளதை மட்டும் மையால் அழுத்தி வரைந்திருக்கிறேன்.